பேரும் பெயரும்



மலையகத் தோட்டங்களில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம் என்றும் பொருள். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும், "முழுப்பேரா, அரைப்பேரா?" என்றுதான் கேட்பார்கள். சமூகவியலில் பட்டம் பெற்ற எனக்கு இதைக் கற்றுத் தந்தவர்கள் ஹட்டன் பக்கத்து லயங்களில் இருக்கும் அக்காமார்.

அந்தத் தோட்டங்களில் ஒன்றுக்குக் கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரி வந்திருந்தார். பிறந்தது இங்கேதான். 1977 கலவரத்தின் பின் வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பமொன்றுக்கு மருமகளாகப் போனவர். 2009இல் கணவரையும் இழந்தார், வீட்டோடு பத்திரங்களையும் இழந்தார். தோட்டத்தில் இருந்த தாயார் 20 வருடம் கொழுந்தெடுத்து, சேவையில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். நாட்சம்பளம் 1000 ரூபாவாக இருந்த காலம் அது. தாயாரின் பணத்தைக் கேட்டு மகள் போனபோது, "நீங்கள்தான் மகள் என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்டார்கள்.

அந்த அம்மா தன் காலத்துக்குப் பிறகு பணம் யாருக்கு என்று எழுதிக் கொடுத்திருந்தது மகளை வீட்டில் கூப்பிடும் பெயரை. அடையாள அட்டையிலோ வேறு பெயர். தாயாரின் பெயரும் செக்ரோலில் ஒரு விதமாக, அடையாள அட்டையில் இன்னொரு விதமாக இருந்தது. கேட்ட அலுவலரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் காலையில் பெரட்டுக்களத்தில் அவசரமாகப் பெயர் எழுதியவர்களை நினைத்தால் கோபம் வருகிறது.

அந்தப் பணம் யாருடைய தயவும் அல்ல. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதம். இதை நம் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. பெண்கள் 50 வயதில் வேலையை விட்டாலே சேமலாப நிதியைப் பெறலாம். ஆண்களுக்கு 55.

இன்னொன்று பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருட சேவை முடித்தவருக்கு உரியது. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். அந்தத் தாயாரின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம்: 14 நாள், 20 வருடம், 1000 ரூபா. மொத்தம் 280,000 ரூபா. தொழிலாளி இறந்துவிட்டால் இது அவருடைய வாரிசுகளுக்குச் சேரும். கணக்கைக் கேட்டதும் அந்தச் சகோதரி வெகுநேரம் பேசவில்லை. "அம்மா ஒரு நல்ல சேலைகூட வாங்கமாட்டா மிஸ்" என்றார் பிறகு.

பிரதேச செயலகத்தில் அவருடைய பிறப்புச் சான்றிதழின் பிரதியை எடுத்தோம். கிராம உத்தியோகத்தரிடமும் தோட்டக் காரியாலயத்திலும் கடிதம் வாங்கினோம். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்தோம். நான்கு தடவை பஸ் ஏறி வந்தார், பாவம். பணிக்கொடை கிடைத்துவிட்டது. சேமலாப நிதிக் கோவை இன்னும் தொழில் அலுவலகத்தில் இருக்கிறது.

தோட்டத்தில் இல்லாத சகோதரிகளும் இதைக் கவனியுங்கள். ஒரே ஒருவர் வேலை செய்யும் கடையாக இருந்தாலும் சேமலாப நிதி கட்டத்தான் வேண்டும். இந்த மாதச் சம்பளத் துண்டை எடுத்து அடையாள அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரும் அட்டை இலக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பிழை இருந்தால் வேலையில் இருக்கும்போதே எழுத்தில் கொடுத்துத் திருத்துங்கள். பிரதியொன்றை நீங்களும் வைத்திருங்கள். முதலாளி மறுத்தால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் முறையிடலாம்.

போகும்போது அந்தச் சகோதரி தான் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையின் சம்பளத் துண்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அவருடைய பெயரில் ஓர் எழுத்து பிழை. திருத்தச் சொல்லும் கடிதத்தை ஹட்டன் பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்து எழுதினோம்.