உக்கும் மரத்தோடு அழியும் சான்றுகள்

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலை, கொள்ளுப்பிட்டி டுப்ளிகேஷன் வீதியில் பஸ் மீது மரம் சாய்ந்து ஐந்து உயிர்கள் பறிபோயின. அதன்பின் கொழும்பின் வீதியோர மரங்களைப் பற்றி நிறையப் பேசினோம். மரத்தை உள்ளிருந்து உக்கவைக்கும் பங்கசுகளைப் பற்றி எவரும் பேசவில்லை. அடிமரத்தில் தட்டுத் தட்டாகப் படரும் காளான் பட்ட மரத்தை உண்கிறதா, உயிர்மரத்தின் வைரத்தை அரிக்கிறதா? எந்த மரத்தில் எந்தப் பங்கசு வளரும் என்ற பதிவு இருந்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும்.

அந்தப் பதிவு பாதியிலேயே நிற்கிறது. பேராதனையிலிருந்து தாவரவியலாளர் த்வெய்ற்ஸ் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு பங்கசு ஆய்வாளர்களான பெர்க்லியும் புரூமும் 1870களில் இலங்கைப் பங்கசுகளை இங்கிலாந்தில் பட்டியலிட்டார்கள். 1905இல் பேராதனைக்கு வந்த பங்கசு ஆய்வாளர் தொம் பெட்ச் தொடங்கிய தொகுப்பை, அதே துறையைச் சேர்ந்த பிஸ்பி நிறைவு செய்ய, 1950இல் அது நூலானது. இச்சேகரிப்பில் பெரும்பகுதி மலைநாட்டையும் ஈர வலயத்தையும் சார்ந்தது. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் உலர் வலய மன்னார், வன்னிக் காடுகள் அதில் ஓரத்திலேயே நிற்கின்றன.

உலர் வலயக் காடு சும்மா கிடக்கும் காடு அன்று. பட்ட கொப்பில் ஒட்டியிருக்கும் விசிறி போன்ற சின்னஞ்சிறு வெண்காளான் ஒன்று, வெயிலில் தன் பிளந்த மடிப்புகளைச் சுருட்டிக்கொள்ளும். மழை நனைத்ததும் விரிந்து மீண்டும் வித்திகளை உதிர்க்கும். பட்ட மரத்தைச் சிதைத்து மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பவை இத்தகைய பங்கசுகளே. மென்மையான இனங்களோ மாரி மழைக்குப் பின் சில நாட்களே தலைகாட்டும். காட்டை வெட்டி, விழுந்த மரத்தை விறகாக்கி, எஞ்சியதை எரித்துவிட்டால் எதைத் தேடுவது?

பங்கசுகளைச் சேகரிப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மரத்தின் பெயர், அது உயிருடன் நின்றதா பட்டதா, இடம், திகதி, நிறம், மணம், அடிப்பக்கத் துளைகள் ஆகியவற்றை அங்கேயே எழுத வேண்டும். பின்னர் மிதமான சூட்டில் உலர்த்தி, கடதாசி உறையில் இட வேண்டும். குறிப்பில்லாத மாதிரியால் ஆய்வுக்குப் பயனில்லை.

யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்கள் இதை ஆண்டுதோறும் செய்யும் கடமையாக ஏற்க வேண்டும். வனத் திணைக்களம் சேகரிப்பு அனுமதியைத் தாமதமின்றி வழங்க வேண்டும். மாதிரிகளைக் காக்க வடக்கிலேயே ஓர் உலர் காப்பகம் வேண்டும். கொழும்பு மாநகர சபையும் தான் வெட்டும் ஒவ்வொரு மரத்தின் பங்கசையும் பதிந்துவைக்கட்டும். வரும் மாரிக்குமுன் இந்த வேலை தொடங்காவிட்டால் இன்னோர் ஆண்டின் சான்றுகளும் கைவிட்டுப் போகும்.