பயனர் யார்? பயன் யாருக்கு?

‘பயனர்’ என்ற சொல்லைப் பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்பில் கையாண்டு வருகிறேன். பயன் பெறுபவர் என்பது அதன் பொருள். சமூக ஊடகத்தைப் பொறுத்தவரை அது பொய்ச்சொல் என்பதைப் புனே நகரின் பாணேரில் வாழும் இளைஞர்களைக் கேட்டால் அறியலாம்.

முன்பு சிற்றூராக இருந்த பாணேர், இன்று ஹிஞ்சவாடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் ஊழியர்கள் பலர் குடியிருக்கும் பகுதி. நள்ளிரவை நெருங்கும் வேளையில் பணி முடித்து, படுக்கையில் கைபேசியைத் திறக்கிறார் ஓர் இளைஞர். ஒரு நண்பரின் பதவி உயர்வு, இன்னொருவரின் வெளிநாட்டுப் பயணம், நடுவே ஓர் ஆட்குறைப்புச் செய்தி. நெஞ்சில் பதற்றம் ஏறுகிறது; உறக்கம் போகிறது. “உனக்குக் கட்டுப்பாடு இல்லை” என்று ஊர் சொல்கிறது.

2025 ஜனவரியில் வெளியான ஒன்றிய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையும் இதே பாட்டைத்தான் பாடியது. இளையோரின் வாழ்க்கைமுறைத் தேர்வுகளும், சமூக ஊடகங்களில் கழியும் நேரமும் மனநலத்தைக் கெடுத்து, நாட்டின் பொருளாதார இலக்குகளைப் பாதிக்குமாம். கவலை மனிதரைப் பற்றியதா, உற்பத்தித்திறனைப் பற்றியதா? வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் உழைப்பது உடல்நலத்துக்குக் கேடு என்றும் அதே அறிக்கை எழுதியது. ஆனால் அவ்வாண்டு செப்டம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை செய்தது என்ன? கடைகள், தனியார் நிறுவனங்களில் நாளொன்றுக்கான வேலைநேரத்தை 9 மணியிலிருந்து 10 ஆகவும், ஆலைகளில் 12 ஆகவும் உயர்த்த ஒப்புதல் அளித்தது.

எஞ்சிய ஓய்வையும் தளங்கள் பறிக்கின்றன. 2024இல் மெட்டா நிறுவனத்தின் வருவாய் சுமார் 16,450 கோடி டாலர். ஏறத்தாழ முழுவதும் விளம்பர வருவாய். விளம்பரதாரருக்கு விற்கப்படும் சரக்கு நமது கவனம். முடிவின்றி நீளும் திரையும், இடைவிடாத அறிவிப்பு ஒலியும் அந்தச் சரக்கைத் திரட்டும் கருவிகள். பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு, உடல்தோற்றம் குறித்த மனக்குறையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று அந்நிறுவனத்தின் உள் ஆய்வே கூறியது 2021இல் அம்பலமானது.

எல்லாப் பதற்றத்துக்கும் கைபேசியே காரணம் என்பதும் பிழைதான். வேலையின்மையும் ஒப்பந்தமுறையும் ஆட்குறைப்பும் விதைத்த அச்சத்தைத் தளங்கள் லாபமாக அறுவடை செய்கின்றன.

இதே மாநிலத்தில், சாங்லி மாவட்டத்தின் மோஹித்யாஞ்சே வட்காவ் கிராமத்தில் 2022 முதல் மாலை 7 மணிக்குச் சங்கு ஒலிக்கிறது. ஒன்றரை மணி நேரம் தொலைக்காட்சியும் கைபேசியும் அணைக்கப்படுகின்றன. தனிமனிதரின் வைராக்கியத்தை நம்பாமல் ஊரே கூடி எடுத்த முடிவு அது. பாணேரின் ஊழியரால் அப்படி அணைக்க முடியுமா? மேலாளரின் செய்தியும் அதே கைபேசியில்தானே வருகிறது!

எனவே 8 மணி நேர வேலை, பணிநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை, தளங்களின் வடிவமைப்பின் மீது சட்டக் கட்டுப்பாடு, அரசு மருத்துவமனைகளில் இலவச மனநலச் சிகிச்சை ஆகியவற்றை ஒரே கோரிக்கைத் தொகுப்பாக நாம் முன்வைக்க வேண்டும். உறக்கமிழந்த இளைஞரிடம் அறிவுரையோடு செல்லாமல், இந்தக் கோரிக்கைகளோடும் சங்க உறுப்பினர் படிவத்தோடும் செல்வோம்.