மலைப்பாதையில் என்ன த்ரில்?

"கம்ப்யூட்டரே வண்டியைப் பிடிச்சா, ஓட்டுறவனுக்கு என்னய்யா த்ரில்?" வேகக் கார் பிரியர்களின் புலம்பல் இது. நியாயம் இல்லாமல் இல்லை. சக்கரம் வழுக்காமல் தடுக்கும் எலெக்ட்ரானிக் கருவிக்கு பார்முலா-1 பந்தயத்திலேயே 2008 முதல் தடை.

ஆனால் பந்தயத்தில் எதிரே பஸ் வராது! போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிந்தால் ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள். மழையில் சடாரென பிரேக் அடித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டால், ஸ்டீயரிங்கை எப்படி ஒடித்தாலும் வண்டி நேரே பள்ளத்துக்குத்தான். அதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயம். அதற்கு சுவிட்ச் கிடையாது; பிழைத்தோம்!

சறுக்கலைத் தடுக்கும் கருவியைத்தான் பல கார்களில் சுவிட்சைத் தட்டி அணைத்துவிடலாம். அணைத்துப் பார்க்க ஆசையா? கோவை செட்டிப்பாளையத்தில் பந்தய மைதானம் இருக்கிறது. அங்கே போய் அணைக்கட்டும்.