சேற்று ரேஸில் பாதி, முந்தைய நாள் மாலையே முடிந்துவிடுகிறது!

மழை தொடங்கினால் போதும், இன்ஸ்டாகிராம் முழுக்கச் சேறு தெறிக்கும். பின்சக்கரம் மண்ணை வாரி இறைக்க, ஒருவர் பைக்கில் சீறிப் பாய்வார். பார்க்கச் செம கெத்து. ஆஃப்-ரோடு பைக் வாங்கிய பலருக்கும் 'நாமும் ஒரு மழைக்கால ரேஸில் இறங்கினால் என்ன?' என்ற ஆசை அங்கேதான் முளைக்கிறது.

ஆசையில் தப்பில்லை. ஆனால், கையில் இருக்கும் பணம் சைலன்சருக்கும் ஸ்டிக்கருக்கும் ஃபாக் லைட்டுக்கும் போய்விடுகிறது. 'மத்ததெல்லாம் தில் இருந்தா பாத்துக்கலாம்' என்று களத்தில் இறங்கினால், இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் கொதித்து ஓரமாக நிற்க வேண்டியதுதான். சேற்று ரேஸை வேகப் போட்டியாகப் பார்ப்பதுதான் முதல் கோளாறு. கடைசி வரை ஓடிக்கொண்டிருப்பது யார் என்பதே அங்கே கேள்வி. அதற்கான பதிலில் பாதி, முந்தைய நாள் மாலை ஷெட்டிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

ரெட்பட் களத்தில் என்ன நடந்தது?

மோட்டோகிராஸின் உலகக் கோப்பை என்று சொல்லத்தக்கது 'மோட்டோகிராஸ் ஆஃப் நேஷன்ஸ்'. நாட்டுக்கு மூன்று பேர் கொண்ட அணிகள் மோதும் போட்டி. 2018 அக்டோபரில் இது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ரெட்பட் என்ற களத்தில் நடந்தது. மழையில் களம் கூழாகிக் கிடந்தது. சொந்த மண்ணில் ஓடிய அமெரிக்க அணியால் முதல் மூன்று இடங்களுக்குள் வர முடியவில்லை. கோப்பை பிரான்ஸுக்குப் போனது. நெதர்லாந்து அணியில் அந்த ஆண்டின் உலக சாம்பியன் ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ் இருந்தார். ஆனால், தான் ஓடிய இரண்டு ரேஸிலும் முதலாவதாக வந்தவர் அவருடைய சக வீரர் கிளென் கோல்டன்ஹாஃப்.

காய்ந்த தரையில் போட்ட கணக்கு சேற்றில் அப்படியே செல்லாது என்பதற்கு இது நல்ல உதாரணம். அங்கே செல்லுபடியாகும் கணக்குகள் நான்கு: எடை, சூடு, பிடிப்பு, பார்வை.

எடை: பைக் எப்படிக் கனக்கிறது?

450 சிசி மோட்டோகிராஸ் பைக்கின் எடை சுமார் 110 கிலோ. ஒட்டுகிற களிமண்ணில் சில சுற்றுகள் ஓடினாலே பத்துப் பதினைந்து கிலோ சேறு ஏறிக்கொள்ளும். ஒரு சின்ன அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு ரேஸ் ஓடுவதைப் போலத்தான். தண்ணீராக ஓடும் சேற்றைவிட, மழை விட்டு வெயில் தலைகாட்டும்போது பிசுபிசுக்கும் சேறுதான் அதிகம் படுத்தும்.

இதற்கு மெக்கானிக்குகள் செய்வது ரொம்பச் சாதாரணமான வேலை. இன்ஜினுக்குக் கீழே உள்ள பாதுகாப்புத் தகடு, கால்மிதி என்று சேறு தங்கும் இடுக்குகளில் ஸ்பாஞ்சைத் திணித்துவிடுவார்கள். சைலன்சர் பக்கம் மட்டும் வைக்கக் கூடாது; தீப்பிடிக்கும். மட்கார்டின் அடிப்பக்கம் சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் சேறு வழுக்கி விழும். அந்த ஸ்பிரே பிரேக் டிஸ்க்கிலோ சீட்டிலோ பட்டுவிட்டால் கதை கந்தல்.

செயினை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். ஸ்பிராக்கெட் பல்லில் சேறு அடைந்தால் செயின் தானாக இறுகும். ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் அறுந்துபோகலாம். பிரேக் பேடையும் பார்த்துவிடுங்கள். மணல் கலந்த சேறு உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பாதி தேய்ந்த பேட், ஒரே ரேஸில் மொத்தமாகத் தீர்ந்துவிடலாம்.

சூடு: மழையில் எப்படி இன்ஜின் கொதிக்கும்?

'மழைதானே, இன்ஜின் குளுகுளுன்னு இருக்கும்' என்று நினைப்போம். நடப்பது நேரெதிர். வேகம் குறைவு என்பதால் காற்று வராது. பாதி கிளட்ச் பிடித்தபடியே முறுக்குவோம். ரேடியேட்டரைச் சேறு மூடிவிடும். எனவே, முந்தைய நாளே கூலன்ட் அளவைச் சரிபார்த்து, ரேடியேட்டர் இடுக்குகளைச் சுத்தம் செய்து வையுங்கள். ஸ்டார்ட் லைனில் காத்திருக்கும்போது இன்ஜினை அணைத்துவிடுவது நல்லது.

ஏர் ஃபில்டரும் நனையக் கூடாது. ஏர் பாக்ஸில் தண்ணீர் புகும் திறப்புகளில் ஒருபகுதியை டேப் ஒட்டி மூடலாம். முழுவதும் மூடினால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். பள்ளத்தில் விழுந்து இன்ஜின் தண்ணீர் குடித்துவிட்டதா? செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்தவே அழுத்தாதீர்கள். தண்ணீர், காற்றைப் போல அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் அடுத்த வேலை.

பிடிப்பு: எந்த டயர், எவ்வளவு காற்று?

செலவு செய்தே ஆக வேண்டிய இடம் இதுதான். பட்டன்கள் உயரமாகவும் நன்றாக இடைவெளி விட்டும் இருக்கும் டயர்தான் சேற்றை வெட்டி வெளியே தள்ளும். நெருக்கமான பட்டன் என்றால் இடையில் சேறு நிரம்பி, டயர் வழுவழுவென்று ஆகிவிடும். பிறகு நீங்கள் ஓட்டுவது டயரில் அல்ல, உருளும் களிமண் உருண்டையில்.

மோட்டோகிராஸ் பைக்குகளில் சேற்றுக்கு 10 முதல் 12 பி.எஸ்.ஐ. வரை காற்றைக் குறைப்பார்கள். ரீலைப் பார்த்து இதை உங்கள் 180 கிலோ பைக்கில் செய்ய வேண்டாம். கனமான பைக்கில், சாதாரண ட்யூப் டயரில் இவ்வளவு குறைத்தால் கல்லில் மோதும்போது ட்யூப் கிழியும், ரிம் நெளியும்.

பார்வை: ஒரு ஜோடி கையுறை போதுமா?

போதாது. ரேஸ் தொடங்கியதும் முன்னால் போகிறவரின் பின்சக்கரம் வாரி இறைக்கும் சேறு நேராக உங்கள் முகத்துக்குத்தான் வரும். காகிள்ஸ் கண்ணாடி மேல் அடுக்கடுக்காக ஒட்டி, ஒவ்வொன்றாகக் கிழித்து எறியும் பிளாஸ்டிக் தாள்கள் உண்டு. கடும் மழையில் அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து எல்லாம் மங்கலாகிவிடும். குப்பை சேர்கிறது என்பதற்காக ஐரோப்பாவின் பல போட்டிகளில் இவற்றுக்குத் தடையும் உண்டு. கயிற்றை இழுத்தால் பழைய ஃபிலிம் சுருண்டு, புது ஃபிலிம் வரும் ரோல்-ஆஃப் வகைதான் சேற்றுக்கு ஏற்றது.

கூடவே ஒரு காகிள்ஸ், இரண்டு ஜோடி கையுறை, ஒரு துண்டு. மூன்றையும் ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். சேறான கையுறையோடு ஆக்ஸிலரேட்டரைப் பிடிப்பது, சோப்பைப் பிடிப்பது மாதிரி.

'இதெல்லாம் பணக்காரங்க விளையாட்டு பாஸ்!'

இப்படிச் சொல்பவர்கள் மேலே உள்ள பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். டயரையும் ரோல்-ஆஃப் காகிள்ஸையும் தவிர்த்தால் மிச்சமிருப்பது ஸ்பாஞ்ச், டேப், ஸ்பிரே, கையுறை, இரண்டு மணி நேர உழைப்பு. பளபளக்கும் ஒரு சைலன்சர் விலையில் இதை எத்தனையோ ரேஸுக்குச் செய்யலாம். ரீலில் தெரியாது என்பதால்தான் இதை யாரும் வாங்குவதில்லை.

நிறுத்துவதும் தயாரிப்புதான்

தயாரிப்பு, ஓட்டுபவரின் பொறுப்பு மட்டுமல்ல. 2019இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த சூப்பர்கிராஸ் போட்டியில், களத்து மண்ணை உலர்த்தச் சுண்ணாம்பு சேர்த்திருந்தார்கள். மழையில் அது சேற்றோடு கலந்து உடலில் ஒட்டியதில், வீரர்கள் பலருக்குத் தோல் எரிந்து புண்ணானது. தொழில்முறை வீரர்களுக்கே இந்தக் கதி. ஆகவே பதிவுக் கட்டணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் கேளுங்கள்: ஆம்புலன்ஸ் நிற்குமா? களத்தில் என்ன கலந்திருக்கிறீர்கள்? எந்த அளவு மழைக்கு ரேஸை நிறுத்துவீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் வீடு திரும்புவதில் வெட்கமே இல்லை. பாலைவன ரேஸ் என்று பெயர் பெற்ற டக்கார் ராலியிலேயே 2017இல் பொலிவியாவிலும், 2023இல் சவூதி அரேபியாவிலும் மழையால் பைக் சுற்றுகளை ரத்து செய்திருக்கிறார்கள்.

பயிற்சிக்கு எங்கே போவது என்பதும் முக்கியம். வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைவது குற்றம். அதோடு, ஈர மண்ணில் டயர் கிழித்த தடம் அடுத்த மழையில் ஓடையாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். பயிற்சிக் களத்துக்கோ, உரிமையாளர் சம்மதித்த தனியார் நிலத்துக்கோ போங்கள். சிராய்ப்பு இருந்தால் சேற்றில் இறங்கும் முன் அதை மூடிக் கட்டுங்கள்; தேங்கிய நீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். ஓட்டிவிட்டு வந்த சில நாள்களில் காய்ச்சல் அடித்தால், சேற்றில் ஓட்டியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த மழைக்கால ரேஸுக்குப் பதிவு செய்யப்போகிறீர்களா? சைலன்சர் கடைக்குப் போகும் முன் பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, குனிந்து செயினைப் பாருங்கள். உங்கள் ரேஸ் அங்கே தொடங்குகிறது.