தொப்பிக்குப் பத்து மதிப்பெண்

அந்தமானில் ஊடகக் கல்வி பயிலும் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட செயல்திட்டம் ஒன்றின் மதிப்பீட்டுத் தாள் அண்மையில் என் பார்வைக்கு வந்தது. நிறுவனத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. திட்டத்தின் பொருள்: ஃபிலிம் நுவார் பாணியில் பத்து ஒளிப்படங்கள். களம்: அபர்டீன் பஜார். கறுப்பு வெள்ளைக்குப் பத்து மதிப்பெண், தொப்பி அல்லது நீண்ட மேலங்கிக்குப் பத்து, புகைக்குப் பத்து, சன்னல் பட்டை நிழலுக்குப் பத்து, சாய்ந்த கோணத்துக்குப் பத்து. எஞ்சிய ஐம்பதும் 'ஒட்டுமொத்தத் தோற்றம்' என்னும் ஒற்றை வரிக்கு. மாணவர் எதைத் திட்டமிட்டார், ஏன் அந்த இடத்தில் இருளை வைத்தார் என்று கேட்கும் கட்டம் எதுவும் அத்தாளில் இல்லை.

மாறுவேடப் போட்டிக்கு இது பொருத்தமான தாள். ஒளிப்படக் கல்விக்கு இது தீங்கானது என்பதே என் வாதம்.

மொழியியல் பயின்றவர்களுக்கு இந்தக் குழப்பம் பழக்கமானது. வேற்று மொழியிலிருந்து நூறு சொற்களைக் கடன் பெற்றவர் அம்மொழியைப் பேசுபவர் ஆகிவிடுவதில்லை. சொற்கள் எளிதில் எல்லை தாண்டும். தொடரமைப்பு அவ்வளவு எளிதில் தாண்டாது. தொப்பியும் புகையும் நுவாரின் சொற்கள். எந்த விளக்கை அணைப்பது, எவருடைய முகத்தில் எந்தப் பாதியை மறைப்பது, பார்ப்பவர் எதை அறிய முடியாமல் தவிக்க வேண்டும் என்னும் முடிவுகளே அதன் தொடரியல். நம் மதிப்பீட்டாளர்கள் சொற்பட்டியலை ஒப்புவிக்கச் செய்துவிட்டு மாணவர் மொழி கற்றுவிட்டதாகச் சான்றளிக்கிறார்கள்.

'நுவாரின் விதிகளைப் பின்பற்றுக' என்று அத்தாளின் தலைப்பில் ஓர் ஆணையும் உண்டு. எந்த விதிகள்? 1946இல் பிரெஞ்சு விமர்சகர் நினோ ஃபிராங்க் இப்பெயரை எழுதியபோது, ஹாலிவுட்டில் அப்படங்களை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இப்படியொரு வகைமை இருப்பதே தெரியாது. போர்டும் ஷோமெத்தோனும் அதைப் பற்றி முதல் நூலை எழுதியது 1955இல். அதற்குள் சிறந்த நுவார்ப் படங்களில் பல வந்துவிட்டன. இலக்கியத்துக்குப் பின்னரே இலக்கணம் என்பதைத் தமிழ் மாணவர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'டபுள் இன்டெம்னிட்டி' (1944) படத்தில் சன்னல் பட்டைகளின் நிழல் விழுகிறதென்றால், லாஸ் ஏஞ்சலிஸின் வெயிலுக்கு அவ்வீடுகளில் அத்தகைய மறைப்புகள் இருந்தன என்பதும் ஒரு காரணம். பில்லி வைல்டர் அந்த ஊரில் கிடைத்ததைக் கொண்டு சிறையின் சாயலை உருவாக்கினார். அபர்டீன் பஜாரில் கிடைப்பவை வேறு. பாதி இறங்கிய இரும்பு ஷட்டர்கள், தகரக் கூரை விளிம்புகள், தார்ப்பாய், மேடும் பள்ளமுமான சாலை, நடுவில் மணிக்கூண்டு. இவற்றின் நிழல்களுக்கு அத்தாளில் மதிப்பெண் கிடையாது. ஆகவே மாணவர்கள் அட்டைப்பெட்டியைப் பட்டைகளாக வெட்டி விளக்கின்முன் பிடிக்கிறார்கள்.

தமிழில் இதற்கு முன்னோடி இல்லையா என்று கேட்பவர்கள் 1954இல் ஏ.வி.எம். தயாரிப்பில் வந்த 'அந்த நாள்' படத்தை மீண்டும் பார்க்கலாம். எஸ். பாலச்சந்தர் இயக்கம், மாருதி ராவ் ஒளிப்பதிவு, பாடல் ஒன்றுகூட இல்லை. 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசியதை ஒட்டி, ராஜன் என்னும் வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். வாக்குமூலம் மாறும்தோறும் குற்றவாளியும் மாறுகிறார். ராஜன் ஜப்பானுக்கு இரகசியங்களை விற்றவர் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. அப்படத்தை நுவாராக்குவது இந்த ஐயம்தான்; ஒளியமைப்பு அந்த ஐயத்துக்குப் பணிசெய்கிறது.

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அமர்ந்து இக்கதையைப் பார்ப்பவருக்கு வேறொன்றும் நினைவுக்கு வர வேண்டும். ராஜன் கற்பனையில் ஒற்று வேலை செய்த அதே 1943இல் இந்நகரம் மெய்யாகவே ஜப்பானியர் வசம் இருந்தது. 1942 மார்ச் 23 அன்று அவர்கள் வந்திறங்கினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் ஆங்கிலேயருக்கு ஒற்று சொன்னதாகக் குற்றஞ்சாட்டி ஊரார் பலரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். மருத்துவரும் கவிஞருமான திவான் சிங் அவ்வாறே 1944 சனவரியில் உயிரிழந்தார். அம்மாதம் 30ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யார் ஒற்றர், யார் அண்டை வீட்டார் என்று அறிய முடியாத அச்சத்தை இந்நகரம் தன் உடம்பில் பட்டறிந்திருக்கிறது. பஜாரிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள செல்லுலார் சிறையையோ, கைதிகள் ஒருவரையொருவர் காண முடியாதபடி ஒரு சிறகின் முன்புறம் அடுத்த சிறகின் பின்புறத்தை நோக்குமாறு கட்டினார்கள். இப்படியோர் ஊரின் மாணவரிடம் சிகாகோத் துப்பறிவாளரின் தொப்பியைக் கொண்டுவரச் சொல்வதை அறியாமை என்பேன். கடுமையான சொல் வேண்டுமென்றே பயன்படுத்தப்பட்டது.

இனித் திட்டமிடல். 'இரவு எட்டு மணிக்குமேல் எடுக்கவும்' என்கிறது தாள். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுவரையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. போர்ட் பிளேர் ஏறத்தாழ 92.7 பாகையில் இருக்கிறது. அதாவது சூரியன் இங்கே கடிகாரத்தை நாற்பது நிமிடம் முந்துகிறது. நவம்பர், திசம்பரில் மாலை ஐந்து மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடும், அந்திப்பொழுதும் நீளாது. கடைகள் திறந்திருக்க, பள்ளிப் பிள்ளைகள் இன்னும் தெருவில் இருக்க, இரவு வந்துவிடுகிறது. பெருநில நகரங்கள் பலவற்றுக்கு எளிதில் வாய்க்காத நுவார்ப் பொழுது இது: மக்கள் நிறைந்த இருட்டு. இதனோடு ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. ஹாலிவுட்டில் தெருவை நனைக்கக் குழாய் பிடித்தார்கள்; இங்கே வானிலை அறிக்கையைப் பார்த்தால் போதும். எந்தக் கடையின் விளக்கு எந்த நேரத்தில் எரிகிறது, எது வெண்மை, எது மஞ்சள், மழை நின்றபின் எந்தச் சரிவில் நீர் தேங்கி ஒளியைத் திருப்புகிறது என்று மாணவர் மூன்று மாலைகள் குறிப்பெடுத்தால் அக்குறிப்பேடே பாதித் திட்டம். அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

கைபேசியைப் பற்றியும் ஒரு சொல். மாணவர் பெரும்பாலோர் அதில்தான் எடுக்கிறார்கள், அதில் குறையொன்றுமில்லை. ஆனால் இன்றைய கைபேசியின் இரவுப் பயன்முறை பல படங்களை எடுத்து ஒன்றாகக் கோத்து நிழலை வெளிச்சமாக்கித் தருகிறது. நுவாருக்கு நேர் எதிரான தொழில் அது. அப்படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கினால் கிடைப்பது சாம்பல். தானியங்கி எக்ஸ்போஷர் இருண்ட காட்சியை நடுச்சாம்பலுக்கு இழுக்கவே முனையும். அப்பயன்முறையை நிறுத்தி, விளக்கொளி விழும் இடத்துக்கு எக்ஸ்போஷரைப் பூட்டி, பிறகு இரண்டு படி கீழிறக்க வேண்டும். இதை ஒரு வகுப்பில் கற்பித்துவிடலாம். நான் பார்த்த படங்களில் பெரும்பாலானவை சாம்பல். அவற்றுக்குக் 'கறுப்பு வெள்ளை' என்று முழுப் பத்தும் போடப்பட்டிருந்தது.

நாற்பது மாணவர், ஒரே ஆசிரியர், இரண்டே நாள். பட்டியல் இல்லாமல் எப்படித் திருத்துவது? இந்த எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். என் துறையிலிருந்து ஒரு கருவியைத் தருகிறேன். 'பல்', 'கல்' என்ற இரு சொற்களில் ஓர் ஒலிதான் மாறுகிறது, பொருள் மாறிவிடுகிறது. எனவே அவ்வொலிகள் தமிழில் பொருள் வேறுபடுத்துபவை என்று நிறுவுகிறோம். இதே சோதனையை ஒளிப்படத்துக்கு வையுங்கள். ஒவ்வொரு மாணவரும் இரண்டு படங்களை இணையாகத் தரட்டும். அதே இடம், அதே ஆள், அதே கோணம். ஒரே ஒரு கூறு மட்டும் மாறியிருக்க வேண்டும். பக்கவாட்டு விளக்கு அணைந்திருக்கலாம், ஷட்டர் ஓரடி இறங்கியிருக்கலாம். அந்த ஒன்று மாறியதால் என்ன பொருள் மாறியது என்று ஐந்து வரி. தொப்பியைக் கழற்றியபின் படத்தின் பொருள் மாறவில்லையென்றால் தொப்பி அங்கே வெறும் அலங்காரம் என்பது மாணவருக்கே விளங்கிவிடும். பத்துப் படங்களின் ஒட்டுமொத்தத் தோற்றத்தை எடைபோடுவதைவிட இதைத் திருத்தக் குறைந்த நேரமே ஆகும். நிராகரித்த படங்களையும் சேர்த்துக் கேட்டால், முடிவெடுத்த தடம் முழுவதும் தெரியும்.

பாவனை செய்துதானே கற்க முடியும் என்பாரும் உளர். ஆம், முதல் வாரத்தில். இறுதி மதிப்பீட்டிலும் பாவனையையே அளந்தால் கற்றல் எங்கே நிகழ்ந்தது?

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வேறு. நுவாரில் இருள் குற்றத்தின் குறி. அக்குறியைச் சந்தையில் உழைக்கும் மனிதர்மேல் வைத்தால் என்ன ஆகும்? நான் கண்ட படங்களில் மூட்டை இறக்குபவர் ஒருவரின் பாதி முகம் இருந்தது. கீழே 'கொலைகாரன்' என்று தலைப்பு. தம் முகம் எதற்காக எடுக்கப்பட்டதென்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 'சிறந்த முகத் தேர்வு' என்று மதிப்பீட்டாளர் ஓரத்தில் எழுதியிருக்கிறார். கறுத்த தோலும் களைத்த முகமும் அழுக்குச் சட்டையும் குற்றவாளியின் இலக்கணம் என்று அந்த மாணவருக்கு அக்கணம் கற்பிக்கப்பட்டது. 1858இல் தண்டனைக் குடியிருப்பாகத் தொடங்கப்பட்ட ஊர் இது. அக்கைதிகளின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். குற்றவாளி என்ற பெயரை ஒரு முகத்தின்மேல் ஒட்டுவது இங்கே விளையாட்டாக முடியாது. நுவார்ப் படங்களில் குற்றம் செய்பவர் பெரும்பாலும் காப்பீட்டு முகவர், செல்வந்தர் மனைவி, நம்பிக்கைக்குரிய நண்பர். மதிப்புக்குரிய முகத்தின்மேல் நிழலை வீசியதே அவ்வகைமையின் துணிவு. நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம்.

ஆகவே, படத்தில் இருப்பவரிடம் அவர் அறிந்த மொழியில், பஜாரில் அது பெரும்பாலும் இந்தியாகவோ தமிழாகவோ வங்காளமாகவோ தெலுங்காகவோ இருக்கும், நோக்கத்தைச் சொல்லி இசைவு பெற்றதற்கான பதிவு இல்லாத படத்தை மதிப்பீட்டுக்கே எடுக்கக் கூடாது. மதிப்பெண் குறைப்பது போதாது. நடிக்கச் சக மாணவர் இருக்கிறார்கள், ஆசிரியர்களும் இருக்கிறார்கள். துறைத்தலைவரின் பாதி முகத்தை இருட்டில் வைத்து எவரேனும் எடுத்தால் அப்படத்தை நான் விரும்பிப் பார்ப்பேன்.

ஒளிப்படச் செயல்திட்டங்களுக்கான மதிப்பீட்டுத் தாள்களைத் தொகுத்து வருகிறேன். உங்கள் துறையில் புழங்கும் தாளை உள்பெட்டியில் அனுப்பலாம். மாணவர் பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.