அரண்மனை மூடவில்லை!

பாங்காக் அரண்மனைக்குப் போகிற வழியில் ஒருவர் நிற்பார். நல்ல சட்டை போட்டிருப்பார். முகத்தில் சிரிப்பு இருக்கும்.

"இன்று அரண்மனை மூடல். மாலையில் வாருங்கள். அதுவரை வேறு கோவில் பார்க்கலாம். வண்டி பிடித்துத் தருகிறேன். வாடகை மிகவும் குறைவு" என்பார்.

நம்பி ஏறினால், வண்டி ரத்தினக்கல் கடையில் போய் நிற்கும்! கடைக்காரர் வண்டிக்காரருக்குத் தரகு கொடுப்பார். அது யார் பணம்? கல் வாங்குகிறவர் பணம்தான்!

அரண்மனை மூடியிருக்காது. அரசாங்கச் சடங்கு நடக்கும் சில நாட்களைத் தவிர, தினமும் காலை 8.30 மணிக்குத் திறந்துவிடுகிறார்கள்.

இந்த ஆளிடம் இருந்து தப்பிவிடலாம். சுற்றுலாக் கம்பெனிக்காரர்களிடம் தப்புவதுதான் கஷ்டம். அவர்களில் பலருடைய பட்டியலிலும் ரத்தினக்கல் கடை இருக்கிறது! பட்டாயா கடற்கரைக்கு ஒரு நாள், மிருகங்கள் பார்க்க ஒரு நாள், பிறகு கடைவீதி. பழைய நகரத்துக்குக் கிடைப்பது ஒரு காலைப்பொழுது.

இது நியாயம் அல்ல. வருஷக்கணக்கில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் குடும்பத்தோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லும் சட்டையும் சென்னையிலேயே கிடைக்கும்.

தங்க புத்தரை மட்டும் பெரும்பாலும் காட்டிவிடுகிறார்கள். அது நல்லது. 1955-ஆம் ஆண்டு வரை அதைச் சுண்ணாம்புச் சிலை என்றே நினைத்திருந்தார்கள். இடம் மாற்றத் தூக்கியபோது கயிறு அறுந்தது. சிலை விழுந்து, பூச்சு உடைந்தது. உள்ளே தங்கம்! எடை 5½ டன்!

அரண்மனையை அவசரமாகப் பார்க்கக் கூடாது. 1782-ல் கட்டத் தொடங்கியது. உள்ளே மரகத புத்தர் கோவில் இருக்கிறது. சிலையின் உயரம் சுமார் 2 அடிதான். ஆண்டுக்கு மூன்று தடவை, பருவம் மாறும்போது, மன்னரே ஆடை மாற்றுவது வழக்கம்.

கோவிலைச் சுற்றியுள்ள சுவர்களில் ராமாயணம் முழுவதும் ஓவியமாக இருக்கிறது. 178 படங்கள்! குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே நடக்கலாம். ஒரு வித்தியாசம் உண்டு. தாய்லாந்துக் கதையில் அனுமார் பிரம்மச்சாரி அல்ல. காதலிக்கிறார். பிள்ளையும் பெறுகிறார்!

பக்கத்திலேயே 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர். அங்கிருந்து படகில் ஆற்றைக் கடந்தால், பீங்கான் துண்டுகள் பதித்த அருணன் கோவில். படகுக் கூலி சொற்பம்.

தமிழர்கள் பார்க்க வேண்டிய இடம் இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் கம்பெனிக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள்.

அரண்மனைக்குக் கிழக்கே, நடந்து போகிற தூரத்தில், நடுத்தெருவில் ஒரு ஊஞ்சல் கம்பம் நிற்கிறது. சிவப்பு நிறம். தேக்கு மரம். உயரம் சுமார் 21 மீட்டர்!

சிவபெருமான் பூமிக்கு வருகிறார் என்று அங்கே விழா நடக்கும். உயரமான மூங்கிலில் பணமுடிப்பைக் கட்டுவார்கள். ஊஞ்சல் ஆடுகிறவர்கள் அதைப் பல்லால் கவ்வ வேண்டும். விழுந்து செத்தவர்களும் உண்டு. 1935-ல் ஊஞ்சல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால், விழா நிற்கவில்லை. ஊஞ்சலுக்குப் பக்கத்தில் தேவஸ்தானம் என்ற சிறிய கோவில் இருக்கிறது. மார்கழியை ஒட்டி விழா அங்கே நடக்கிறது. விழாவின் பெயர் "திரியம்பவாய்". நம்முடைய திருவெம்பாவைதான் அது! அர்ச்சகர்கள் திருவெம்பாவை, திருப்பாவைப் பாடல்களை ஓதுகிறார்கள். உச்சரிப்பு மிகவும் மாறிவிட்டது. ஓதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. தகப்பன் சொல்லிக் கொடுத்ததை மகன் சொல்கிறான்.

மார்கழி விடியலில் அதே பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள், அந்தத் தெரு வழியாகவே ரத்தினக்கல் கடைக்குப் போகிறார்கள்!

பணம் கட்டுமுன் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கடை இருந்தால் எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை ஊஞ்சலுக்குக் கேட்க வேண்டும். கம்பெனிக்காரர்களுக்கு இதில் செலவு இல்லை. ஊஞ்சலைப் பார்க்க டிக்கெட் கிடையாது.