நடுங்குகிறவள் ஒருத்தி, பார்க்கிறவர் யார்?

'விஸ்காம்' என்று மாணவரும் பெற்றோரும் சுருக்கமாக அழைக்கும் விஷுவல் கம்யூனிகேஷன் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் குறும்படம் ஒன்றை எடுத்து ஒப்படைக்கும் மாணவர், தொடக்கத்திலேயே கதைச்சுருக்கத்தோடு சேர்த்துப் பூர்த்தி செய்து தரும் படிவத்தில் 'டார்கெட் ஆடியன்ஸ்' என்றொரு கட்டம் இருப்பதையும், அந்தக் கட்டத்தில் ஏறக்குறைய எல்லாரும் 'வயது 18 முதல் 25 வரை, ஆண்கள்' என்று ஒரே விடையை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதுபோல எழுதிவைத்திருப்பதையும், அண்மையில் ஒரு கல்லூரியின் அழைப்பை ஏற்று மதிப்பீட்டாளர் வரிசையில் உட்கார நேர்ந்த சந்தர்ப்பத்தில் நாம் கண்டோம். படங்களைப் பார்ப்பதற்கு முன் படிவங்களைப் புரட்டியபோது இது வெறும் சம்பிரதாயம் என்றே தோன்றியது. படங்களைப் பார்த்து முடித்தபோது அந்த அபிப்பிராயம் மாறிவிட்டது.

அன்று திரையிடப்பட்டவற்றில் பெரும்பகுதி 'சைக்கலாஜிக்கல் ஹாரர்' வகையைச் சேர்ந்தது. அதாவது பேய் உண்டென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல், சித்தத்தின் கலக்கத்தையே அச்சத்துக்கு ஊற்றாக வைத்துக்கொள்ளும் வகை. கையில் காசில்லாத மாணவருக்கு அது பிடித்துப்போவதில் வியப்பில்லை. பேய்க்கு ஒப்பனை வேண்டும், கிராஃபிக்ஸ் வேண்டும். பிரமைக்கு ஓர் அறையும் ஒரு ட்யூப்லைட்டும், இணையத்தில் இலவசமாக அகப்படும் பின்னணி இசையும் போதும். ஆனால் அந்த அறைக்குள் இருந்தவர் படத்துக்குப் படம் ஒரு பெண்ணாகவே இருந்தார், தனியாகவே இருந்தார், குளித்துவிட்டு வந்தவராகவோ உறங்கப் போகிறவராகவோ இருந்தார். கண்ணாடியைப் பார்த்தார், அலறினார், ஓடினார், விழுந்தார். அவர் என்ன படித்தார், எந்த ஊர், யாரோடு மனஸ்தாபம், எதற்காக அந்த வீட்டில் தனியே இருக்கிறார் என்பதைச் சொல்ல எந்தப் படத்துக்கும் நேரம் இருக்கவில்லை. ஈரக் கூந்தலிலிருந்து நீர் சொட்டுவதைக் காட்ட மட்டும் தாராளமாக நேரம் இருந்தது. ஐந்தாவது படம் ஓடிக்கொண்டிருந்தபோது, குளியலறைக் குழாய் எப்போது சொட்டத் தொடங்கும் என்பதைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் நாம் முன்கூட்டியே சொன்னோம்; சொல்லி வாய் மூடுமுன் அது சொட்டியது.

பெண்ணை எப்படிக் காட்டுகிறாய் என்பதும், யாருக்குக் காட்டுகிறாய் என்பதும் இரு வேறு விஷயங்கள் என்ற எண்ணம் நம் கல்விக்கூடங்களில் வேரோடியிருக்கிறது. அவை ஒரே கேள்வியின் இரு பாதிகள் என்பது நமது கட்சி. வாலிபர்களுக்காக எடுக்கிறேன் என்று முதல் நாளே எழுதிக் கையொப்பமிட்ட மாணவன், அந்த வாலிபனின் நாற்காலியிலிருந்தே கேமராவை வைக்கிறான். அங்கிருந்து பார்த்தால் நடுங்குகிறவளின் முதுகு தெரியுமே ஒழிய, அவள் எதைக் கண்டு நடுங்குகிறாள் என்பது தெரியாது. படிவத்தின் அந்த ஒரு வரி ரசிகர்களைப் பற்றிய தகவலாக இருக்கவில்லை. மாணவன் தனக்குத் தானே வழங்கிக்கொண்ட அனுமதிச் சீட்டாக இருந்தது.

பிரிட்டனில் பள்ளி மேல்வகுப்பில் ஊடகவியல் பயின்றவர்களை, ஓ.சி.ஆர். என்னும் தேர்வு வாரியம் பல ஆண்டுகள், இரண்டு நிமிஷத்துக்கு மேற்படாத கதைப்படத் தொடக்கம் ஒன்றை எடுக்கச் சொல்லி, எடுத்த பின் ஏழு கேள்விகளுக்கு விடையெழுதப் பணித்தது. இரண்டாவது கேள்வி, உன் படைப்பு சமூகப் பிரிவினரை எவ்விதம் சித்திரிக்கிறது என்பது. நான்காவது, உன் படைப்பின் பார்வையாளர் யார் என்பது. அங்கும் திகில் படம் மாணவர்களின் செல்லப் பிள்ளையாகத்தான் இருந்தது. அங்கும் இரண்டாவது கேள்விக்குப் பெண்ணுரிமை பேசி, நான்காவதற்கு வாலிபர்களைச் சுட்டி, இரண்டுக்கும் உள்ள உறவைக் கவனியாமலே தேறிவிட முடிந்தது. ஆயினும் இரண்டாவது கேள்வி என்ற ஒன்று அங்கே கேட்கப்பட்டது. நாம் பார்த்த படிவத்தில் அது இல்லவே இல்லை.

மாணவர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. அவர்களுக்கு நம் சினிமா விட்டுச்சென்ற ஆஸ்தி அப்படிப்பட்டது. 1978இல் வந்த 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் ஓர் ஆண் கொலைகாரனாகிறான் என்றால், அவனுடைய பால்யத்தில் அவனுக்குத் தீங்கிழைத்த பெண்களைத் தேடிப்பிடித்துக் காரணமாக நிறுத்துகிறது கதை. 1980இல் பாலுமகேந்திரா எடுத்த 'மூடுபனி'யிலும் பிரதாப் போத்தன் ஏற்ற பாத்திரத்தின் மனநோய்க்குப் பெண்களே பலி. அதற்கு மாறாக, 1993இல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்ரதாழ்' கதையிலும், அதைத் தழுவி 2005இல் தமிழில் வந்த 'சந்திரமுகி'யிலும், சித்தம் கலங்குவது ஒரு மனைவிக்கு. அதைக் கண்டுபிடித்துக் குணப்படுத்துவது வெளியூரிலிருந்து வந்திறங்கும் ஒரு புருஷ வைத்தியர். ஷோபனாவும் ஜோதிகாவும் அந்தப் பாத்திரத்தில் காட்டிய ஆற்றலை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஷோபனாவுக்குத் தேசிய விருதே கிடைத்தது. ஆனால் கதையின் கட்டுமானத்தை நோக்குங்கள்: ஆணுக்குப் பைத்தியம் பிடித்தால் பெண் காரணம், பெண்ணுக்குப் பிடித்தால் ஆண் வைத்தியன். இருபது வயதுப் பையன் இந்த இரண்டு அச்சுகளுக்குள் ஒன்றை எடுத்து எட்டு நிமிஷத்துக்குச் சுருக்கி வார்க்கிறான், அவ்வளவுதான்.

ஒளிந்து பார்ப்பவனின் கண்ணோடு கேமரா சேர்ந்துகொள்வதன் விபரீதத்தைத் திகில் படக்காரர்களே நெடுங்காலத்துக்கு முன் உணர்ந்திருந்தார்கள் என்பது நம் வகுப்பறைகளில் போதுமான அளவுக்குச் சொல்லப்படுவதில்லை. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' வெளிவந்த அதே 1960இல், மைக்கேல் பவல் என்ற ஆங்கிலேயர் 'பீப்பிங் டாம்' என்றொரு படம் எடுத்தார். அதில் வரும் கொலைகாரன் ஒரு கேமரா உதவியாளன். அவன் ட்ரைபாட்டின் காலே அவனுடைய ஆயுதம். சாகப்போகும் பெண் தன் அச்சத்தைத் தானே காணும்படி கேமராவோடு ஒரு கண்ணாடியையும் பொருத்தியிருப்பான். அதற்கும் முன்பே, போலந்தின் வூச் நகரத் திரைப்படப் பள்ளியில் மாணவராக இருந்த ரோமன் போலன்ஸ்கி, 1957இல் ஏறத்தாழ இரண்டு நிமிஷப் படம் ஒன்றை எடுத்தார். மாடிப்படி இறங்கும் ஒருவன், ஒரு சிறு ஜன்னல் வழியே குளியலறையில் நிற்கும் பெண்ணைக் களவாகப் பார்க்கிறான். இடையூறு நேர்ந்து விலகிப்போய், மறுபடி ஆவலோடு வந்து எட்டிப் பார்த்தால் அங்கே ஓர் ஆண் பல் விளக்கிக்கொண்டிருக்கிறான். அவனோடு சேர்ந்து எட்டிப் பார்த்த நமக்கும் அந்த அசடு வழிகிறது. (இந்த மனிதரின் பிற்கால நடத்தையைப் பற்றி நமக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, சிறுமி ஒருத்தி சம்பந்தப்பட்ட வழக்கில் 1977இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மறு ஆண்டு தண்டனைக்கு முன்பே அமெரிக்காவை விட்டு ஓடியவர்.) ஆனாலும் அந்த மாணவப் படம் பார்ப்பவனைத்தான் பிடித்தது, நம் மாணவர்களின் படங்களில் பார்ப்பவன் ஒருபோதும் பிடிபடுவதில்லை.

லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரையை விஸ்காம் மாணவர்கள் தேர்வுக்காக மனனம் செய்கிறார்கள்; திரையில் பெண் பார்க்கப்படுபவளாகவும் ஆண் பார்ப்பவனாகவும் பாகம் பிரிக்கப்பட்டிருப்பதை அது விளக்குகிறது. கேரல் குளோவர் 1992இல் நூலாக வெளியிட்ட ஆராய்ச்சியை அவ்வளவு பேர் படிப்பதாகத் தெரியவில்லை. கத்திக்குத்துத் திகில் படங்களின் கடைசியில் உயிரோடு எஞ்சி நின்று கொலைகாரனை எதிர்ப்பவள் ஒரு பெண்ணாக இருப்பதையும், கொட்டகையை நிறைத்த வாலிபர்கள் அவளோடேயே மனத்தை இணைத்துக்கொள்வதையும் அவர் எடுத்துக்காட்டினார். வாலிபர்களுக்காக எடுக்கிறோம், ஆகவே பெண்ணை இப்படித்தான் காட்ட வேண்டும் என்ற வாதம் அந்த வாலிபர்களைக்கூட அவமதிப்பது என்று நாம் சொல்வோம். 2019இல் அஸ்வின் சரவணன், காவ்யா ராம்குமாரோடு சேர்ந்து எழுதி இயக்கிய 'கேம் ஓவர்' படத்தில், பழைய கொடுமை ஒன்றின் நினைவால் இருட்டைக் கண்டு நடுங்குபவள் தன் வீட்டில், சக்கர நாற்காலியில், தன் புத்தியைக் கொண்டே போராடுகிறாள். எழுதும் மேஜையில் ஒரு பெண்ணும் இருந்ததன் அடையாளம் அந்த நடுக்கத்தில் தெரிகிறது என்று எமக்குப் படுகிறது.

இனி, நம் கருத்தில் எல்லாவற்றிலும் பெரிய காரணத்துக்கு வருவோம். அது சித்தாந்தத்தில் இல்லை; ஹாஸ்டல் வாயிற்கதவில் இருக்கிறது. திகில் படம் இரவில் நடக்கும் கதை. பெண்கள் விடுதியின் கதவோ மாலை ஆறு ஆறரைக்கெல்லாம் மூடிவிடும் ஊர் இது. வீட்டிலிருந்து வரும் பெண்ணுக்கோ ஆறு மணிக்கு மேல் அம்மாவின் போன் நிற்காது. ஆகவே இரவு ஷூட்டிங்குக்குப் பையன்கள் போகிறார்கள். கேமராவைப் பிடிப்பதும், ஒளியமைப்பதும், விடியற்காலையில் டீக்கடையில் உட்கார்ந்து அடுத்த ஷாட்டைப் பற்றிச் சண்டை போடுவதும் அவர்களுடைய பாத்தியதை ஆகிவிடுகிறது. கதாநாயகி மட்டும் பகலில் இரண்டு மணி நேரம் வந்துபோகிறாள். அவளுக்காக ஜன்னல்களில் கறுப்புச் சார்ட் தாளைச் செல்லோ டேப்பால் ஒட்டி, கதவிடுக்கில் போர்வையைச் செருகி, உச்சிப்பொழுதை நள்ளிரவாக்குகிறார்கள். நாம் பார்த்த ஒரு படத்தில் அந்தத் தாளின் ஒரு மூலை பெயர்ந்து, சித்திரை வெயில் ஒரு வெள்ளிக் கம்பிபோல அவள் தோள்மேல் விழுந்திருந்தது; எடிட்டிங்கிலும் அதை அவர்களால் மறைக்க முடியவில்லை. உண்மை இரவில் வெளியே நிற்க அனுமதியில்லாத ஒருத்தியைப் பொய் இரவுக்குள் அடைத்து, இரவைக் கண்டு அலறச் சொல்கிறோம். பஸ் நிறுத்தத்திலிருந்து விடுதி வரை பின்தொடரும் செருப்புச் சத்தத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு கேமரா பிடித்த பையனுக்குத் தெரியாது. அதை அவளிடம் யாரும் கேட்கவுமில்லை.

படைப்பாளியின் சுதந்திரத்தில் பத்திரிகைகள் தலையிடலாமா என்று கேட்பார்கள். அந்தச் சுதந்திரத்தை முதலில் பறித்தது படிவம் என்பதே நம் மறுமொழி. படமே பிறவாத நிலையில் ரசிகனின் வயதையும் பாலையும் நிர்ணயிக்கும்படி நிர்ப்பந்திப்பது விளம்பரக் கம்பெனிக்குப் பொருந்தும், மாணவனுக்குப் பொருந்தாது. டேவிட் லிஞ்ச் லாஸ் ஏஞ்சலிஸில் மாணவராக இருந்தபோது 1972இல் தொடங்கி, பணமில்லாமல் ஐந்தாண்டு இழுத்தடித்து 1977இல் வெளியிட்ட 'எரேசர்ஹெட்' தகப்பனாவதை எண்ணி நடுங்கும் ஓர் இளைஞனின் கொடுங்கனவு. அதற்குரிய ரசிகர்கள் நள்ளிரவுக் காட்சிகளில் ஒருவர் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். ஆணின் அச்சத்தை எடுப்பதற்கு நம் பையன்களைத் தடுப்பது எது? அரியர் பேப்பரும், கல்விக் கடனும், வேலை கிடைக்காத அண்ணனும் உள்ள வீடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு அச்சத்துக்கா பஞ்சம்? வேலை தேடும்போது சந்தை இந்தக் கணக்கைக் கேட்கத்தானே செய்யும் என்பார்க்கு, கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்பதற்கு மேல் பதில் தேவையில்லை.

கொட்டகைக்கு வரும் படங்களுக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது. யு/ஏ சான்றிதழை 2024 முதல் 7, 13, 16 வயது என்று மூன்றாகவும் பிரித்திருக்கிறார்கள். யூடியூபில் ஏறும் மாணவர் குறும்படம் அந்த எல்லைக்குள் வருவதில்லை. ஆகவே யாருக்காக என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்கும் பொறுப்பு கல்லூரியைத் தவிர வேறு யாரிடமும் இல்லை. வயதும் பாலும் கேட்கும் கட்டத்தை எடுத்துவிட்டு, இந்தப் படத்தில் அஞ்சுகிறவர் யார், அவர் அஞ்சுவதை யாருடைய கண் வழியே காட்டுகிறாய், ஏன் என்று அங்கே கேட்க வேண்டும். பதிலைப் படத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட வேண்டும். அதைவிட அவசரமானது, இரவுப் படப்பிடிப்புக்குப் பெண்கள் போய்வர ஓர் ஆசிரியையும் ஒரு வேனும் ஏற்பாடு செய்வது. கதவைச் சற்று நேரம் கூடுதலாகத் திறந்து வைப்பது எந்தப் பாடத்திட்ட மாற்றத்தையும்விடச் செலவு குறைந்த சீர்திருத்தம்.

அன்றைய படங்களில் கடைசிக்கு முந்தியதாகத் திரையிடப்பட்டதை ஒரு மாணவி எடுத்திருந்தாள். ஹாஸ்டலில் இரவு கிடைக்காததால் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் தன் வீட்டிலேயே எடுத்ததாகச் சொன்னாள். அம்மாவும் தங்கையும் உறங்குகிறார்கள். அண்ணன் எழுந்து போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறான், வந்து படுக்கிறான், மறுபடி எழுகிறான். ஆறாவது முறை எழும்போது அவன் கை நடுங்குகிறது, வெளியே யாருமில்லை. அலறல் இல்லை, குழாய் சொட்டவில்லை. அரங்கின் பின்வரிசையில் அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த பையன்கள் எப்போது நிறுத்தினார்கள் என்பதை நாம் கவனிக்கவில்லை. பிறகு அவளுடைய படிவத்தை எடுத்துப் பார்த்தோம். அந்தக் கட்டத்தில், 'கதவைப் பூட்டிவிட்டோமா என்று எழுந்து பார்ப்பவர்கள்' என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் யாரோ குறித்திருந்தார்கள்: 'வயது? பாலினம்?'